குழம்புக்குள் கூவிய நேர்ச்சைச் சேவல்

“‘ஒரு வாய்க் கஞ்சிய ஒரு பாடமும் இல்லாம இந்த வீட்டுல ஒருத்தன் குடிக்க முடியாதாட்டி? அடிப்பிடிச்சா அதுக்கொரு பாடம், பொங்கி வழிஞ்சா அதுக்கொரு பாடம், நாளைக்கு நான் மண்டையப் போட்டா அதுக்கும் ஒரு பாடம் வச்சிருப்ப நீ’ன்னு எங்க வீட்டுல அவுக கேட்டாகளா, எழுத்து மாறாமச் சொல்லுதேன், இதே வார்த்தை,” என்று எமரென்சியா மதில்சுவருக்கு மேலாகச் சொன்னபோது, அவள் கையில் பாதி இறகு பிடுங்கிய சேவல் ஒன்று தலையில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் துணி உதறிக்கொண்டிருந்த மெற்றில்டா, கஸ்பார் அண்ணன் சொன்னதில் தப்பொன்றுமில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு, வெளியே வேறொன்றைக் கேட்டாள்.

“எக்கா, அது நேர்ச்சைச் சேவல்லா?”

“ஆமா.”

“அந்தோணியாருக்கு விட்டதுல்லா?”

“அந்தோணியார் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீ துணிய அங்கிட்டுத் தள்ளி உதறு, தண்ணி மூஞ்சில தெறிக்கு.”

பனையந்துறையில் எமரென்சியாவிடம் பாடம் கேட்காத ஆள் கிடையாது. வியாழக்கிழமைதோறும் ஒவ்வொரு வீடாகக் கூடும் அன்பியம் என்கிற ஜெபக்கூட்டத்தில், வேதவாசகம் வாசித்து முடிந்ததும் அவரவர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும் என்று ஒரு முறை உண்டு. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பதினொரு வருஷமாக எமரென்சியா ஒருத்திதான் சொல்லிவந்தாள். முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால் அது மனந்திரும்பாத நெஞ்சு, பாதிச் சமையலில் சிலிண்டர் தீர்ந்தால் அது எண்ணெய் இல்லாமல் போன புத்தியில்லாத கன்னிகள், உப்புக்காற்றில் சன்னல் கம்பி துருப்பிடித்தால் அது பூலோகத்தில் சேர்த்துவைத்த பொக்கிஷம், துவைத்த துணியில் ஒற்றைக் காலுறை மட்டும் காணாமல் போனால் அது வழிதவறிய ஆடு. கான்வென்ட்டில் பத்து வருஷம் இங்கிலீஷ் கன்னியாஸ்திரிகளிடம் ஸ்கேலால் அடிவாங்கிப் படித்தவள் என்பதால், கண்ணில் படுவதெல்லாம் ஆண்டவர் எழுதிப்போட்ட எழுத்து என்றும், வாசிக்கத் தெரியாதவர்கள் மக்குகள் என்றும் அவளுக்கு ஒரு தீர்மானம் இருந்தது. மெற்றில்டாவின் கைப்பிள்ளை காய்ச்சலில் போனபோதுகூட, தோட்டக்காரர் பறிக்கிற பூ எப்போதும் நல்ல பூவாகத்தான் இருக்கும் என்று துஷ்டி வீட்டிலேயே ஒரு பாடம் சொன்னாள். மெற்றில்டா அதன்பிறகு ஒரு வருஷம் அவளோடு பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று எமரென்சியாவுக்குப் புரியவுமில்லை.

அப்படிப்பட்டவளின் புருஷன் கஸ்பாருக்கு, ஐஸ் கம்பெனியில் முப்பது வருஷம் ஐஸ்கட்டிகளைத் தோளில் தூக்கிய கஸ்பாருக்கு, ஈரலில் கட்டி. வைகாசி மாதம் மதுரையில் பார்த்துச் சொன்னார்கள். அவருக்கு மட்டும் குடல் புண் என்று சொல்லிவைத்திருந்தது. நோயாளிக்கு நோயைச் சொன்னால் பாதி உயிர் அன்றைக்கே போய்விடும் என்பதால் எந்த வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள். டாக்டர், மருந்துக்கடைக்காரர், பஹ்ரைனில் இருக்கிற மகள் ஷெர்லின், பங்குச் சாமியார், மீன் கொண்டுவருகிறவள் உட்பட ஊர் மொத்தமும் அந்தக் குடல் புண்ணை ஒழுங்காகக் காப்பாற்றிவந்தது. எமரென்சியா அவருக்குக் குணம் கிடைத்தால் அந்தோணியார் கோயிலில் ஊருக்கே அசன விருந்து போடுவதாக நேர்ந்து, ஒரு சேவற்குஞ்சை வாங்கி விட்டிருந்தாள். சிவப்பு உடம்பும் கறுத்த வாலுமாக அது வளர்ந்தது. சேவல் வளர வளர கஸ்பார் இளைத்துக்கொண்டே வந்தார். அந்த வாரம் திங்கட்கிழமை மதுரை டாக்டர் அவளைத் தனியே கூப்பிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மா, என்ன பிரியப்படுறாரோ அதைக் குடுங்க,” என்றார். செவ்வாய்க்கிழமை காலை கஸ்பார் நாட்டுச்சேவல் குழம்புக்குப் பிரியப்பட்டார். எமரென்சியா அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். அந்தோணியார் கொடுக்காத குணத்துக்கு அந்தோணியாருக்கு எதற்குச் சேவல்?

தலையைப் பூனை கொண்டுபோயிற்று. மற்றதை வெட்டி, மல்லியும் மிளகும் தேங்காயும் வறுத்தரைத்து, மண்சட்டியில் கூட்டிவைத்து, கொதி வந்து மணம் தெரு முழுக்கப் போனபோது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த கஸ்பார் கேட்டார்.

“மதுரைல உன்னைய மட்டும் தனியாக் கூப்பிட்டு அந்த ஆளு என்னதாம்டி சொன்னாரு?”

“என்ன சொல்லுவாரு? குடல் புண்ணுன்னாரு. மருந்த ஒழுங்காச் சாப்பிட்டா ஆறு மாசத்துல பழையபடி ஆயிருவீகன்னாரு.”

சட்டிக்குள்ளிருந்து சேவல் கூவியது. விடிகாலையில் கூரைமேல் நின்று கூவுகிற அதே கூவல், நெஞ்சு விரித்துக் கழுத்தை நீட்டிக் கூவுகிற முழுக் கூவல். மூடி ஒரு விரல் உயரம் எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

கஸ்பார் கொஞ்ச நேரம் அடுப்படிப் பக்கம் காதை வைத்திருந்தார். “இன்னும் வேகல போல,” என்றார்.

“நாட்டுச்சேவல்லா, வேக நேரமாகும்,” என்றாள் எமரென்சியா. பிறகு, கேட்கப்படாமலேயே, “சத்தியமா குடல் புண்ணுதாங்க,” என்றாள். சேவல் மறுபடி கூவியது.

அன்றைக்கு அவர் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்.

மறுநாள் விடிவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் அதிசயப்பட்டதாகத் தெரியவில்லை. தலையில்லாத, வெந்துபோன சேவல் எப்படிக் கூவும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இதை இனி என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது. கோயில் உபதேசியார் வந்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சட்டிக்குள் எட்டிப்பார்த்தார், தொடையும் நெஞ்சும் கழுத்தும் குழம்பில் ஒழுங்காகக் கிடப்பதைக் கண்டார், நேர்ச்சைப் பொருளைக் கொட்டக் கூடாது என்றார், வீட்டில் தின்னவும் கூடாது என்றார், அசனத்தில்தான் பரிமாற வேண்டும், நேர்ச்சை பலித்தால்தான் அசனம் போடலாம், ஆகவே கஸ்பாருக்குச் சுகம் கிடைக்கிறவரைக்கும் சட்டி அடுப்பில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போனார். அப்படியே இருந்தது. கெட்டுப்போகவில்லை, ஆறிப்போகவுமில்லை, தீ மூட்டாத அடுப்பில், காலையில் தொட்டாலும் மாலையில் தொட்டாலும், காய்ச்சல்காரன் நெற்றியைப் போல ஒரே சூடாக இருந்தது.

எப்போது கூவும் என்பதை ஊர் சீக்கிரமே படித்துக்கொண்டது. நாளைக்கு மழை வரும் என்று மெற்றில்டாவின் புருஷன் கொல்லையில் நின்று சொன்னான், மழை வரவில்லை, சேவலும் கூவவில்லை. ஏனென்றால் அவன் அதை நம்பித்தான் சொன்னான். நேற்றைக்குக் குடிக்கவில்லை என்று சொன்னான், மூடி எழும்பியது. நடந்ததா நடக்கவில்லையா என்கிற கணக்கு சேவலுக்கு இல்லை, சொல்கிறவன் நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவே இடைவெளி இருந்தால் கூவும், அவ்வளவுதான். இது தெரிந்ததும் முதலில் பெண்கள் வந்தார்கள், புருஷன்மாரைத் தள்ளிக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் திரும்பக் கூட்டிப்போனார்கள், போகிற வழியெல்லாம் அடி விழுகிற சத்தம் கேட்டது. பிறகு மீன்காரிகள் வந்தார்கள், நேற்றைய மீன் இன்றைய மீன் வழக்குத் தீர்ந்தது. பிறகு மாப்பிள்ளை வீட்டாரைக் கூட்டிக்கொண்டு பெண்வீட்டார் வந்தார்கள், ஒரே கார்த்திகை மாதத்தில் நான்கு நிச்சயம் முறிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, “நான் கணக்குல நூத்துக்கு நூறு,” என்று கத்திவிட்டுக் கூவல் கேட்டதும் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் தெருமுனையிலேயே நின்று கும்பிட்டுவிட்டு, இந்தத் தெருக்காரர்கள் எப்போதுமே தனக்குத்தான் போடுவார்கள் என்று சொல்லித் திரும்பிப்போனார்.

பிறகு மெதுமெதுவாக ஊர் களைத்துப்போனது. சேவலின் காது இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வீடுவரைக்கும் எட்டியது; அந்த வீடுகளில் வந்த விருந்தாளியைப் பார்த்து, “இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க,” என்று சொல்ல முடியவில்லை, “பிள்ளை என்ன அழகா இருக்கான்,” என்று சொல்ல முடியவில்லை, “உங்க அம்மா வச்ச குழம்பு மாதிரியே இருக்கு,” என்று சொல்ல முடியவில்லை. மெற்றில்டாவும் அவள் மாமியாரும் பதினாறு வருஷமாக மரியாதையாகப் பேசிவந்தவர்கள், அன்றிலிருந்து பேசிக்கொள்ளவே இல்லை. மாமியாரின் கட்டில் கடைசியில் பின்தெருவில் இருக்கிற இளைய மகன் வீட்டுக்குப் போனது. போகிறபோது, “போயிட்டு வாரேன்,” என்றாள் கிழவி, சேவல் கூவியது, அவள் திரும்பி வரவில்லை.

“எங்களுக்கு எதுக்குக்கா இந்தத் தண்டனை? நேர்ச்சைய முறிச்சது நீங்கதான?” என்று மெற்றில்டா மதிலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“தண்டனைன்னு ஏன் நினைக்க? இதுல ஆண்டவர் நமக்கு ஒரு பாடம்...” என்று எமரென்சியா பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கவில்லை, கூவிவிட்டது. இருவரும் அடுப்படியைப் பார்த்தார்கள். மெற்றில்டாவின் முகத்தில் ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், கைப்பிள்ளை போன நாளிலிருந்து காத்துக்கொண்டிருந்த ஒரு சந்தோஷம் வந்து போனது. பிறகு அவளுக்கே அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எமரென்சியா அன்றைக்கு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, தன் பாடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப்பார்த்தாள். தோசையைச் சொன்னாள், கூவியது. சிலிண்டரைச் சொன்னாள், கூவியது. துருவைச் சொன்னாள், காலுறையைச் சொன்னாள், தோட்டக்காரரையும் பூவையும் சொன்னாள், அதற்கு மட்டும் சேவல் இரண்டு தரம் கூவியது. பதினொரு வருஷத்துப் பாடங்கள், ஒன்றுகூட மிஞ்சவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தாள். முன்பொரு காலத்தில் நம்பித்தான் சொன்னாளா, இல்லை அன்றைக்கே சேவல் இருந்திருந்தால் அன்றைக்கும் கூவியிருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற தைரியமும் இல்லை.

ஆனாலும் அன்பியம் முறைப்படி அவள் வீட்டுக்கு வந்தது. வராமல் இருக்க முடியாது, முறை முறைதான். இருபத்திரண்டு பேரும் பங்குச் சாமியாரும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். கஸ்பார் நாற்காலியில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். சாமியார் இளவயசுக்காரர், நல்லவர், வருகிற வழியிலேயே தயார்பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

“ஆண்டவரைத் தெரியாதுன்னு மூணு தரம் பொய் சொன்ன இராயப்பர், சேவல் கூவினதுக்கப்புறந்தான் அழுதார். அந்த அழுகையிலேருந்துதான் திருச்சபைக்கே அஸ்திவாரம் வந்துச்சு. அதனால இந்த வீட்டுக்கு இது ஒரு ஆசீர்வாதம்னு நான் முழுசா நம்புறேன்,” என்றார்.

சட்டிமூடி எழும்பி உட்கார்ந்தது. சாமியார் காது சிவந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார்.

அப்போது உபதேசியார், பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, எல்லாரும் எழுந்து நின்று விசுவாச மந்திரம் சொல்லுவோம் என்றார். அதுதான் அவர் செய்த தப்பு. அவருக்கு அது தப்பென்று தோன்ற வழியில்லை. ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து மூச்சு விடுகிற மாதிரிச் சொல்லிவருகிற மந்திரம், அதில் என்ன ஆபத்து இருக்க முடியும்? எழுந்து நின்றார்கள், கைகூப்பினார்கள், இருபத்து நான்கு வாய்களும் ஒன்றாக ஆரம்பித்தன, படைத்தவரை விசுவசிக்கிறோம் என்று தொடங்கிய அந்த முதல் வரியிலேயே சேவல் கூவியது, நிறுத்தவில்லை, பாடுகள்பட்டுக்கு வந்தபோதும் கூவியது, உயிர்த்தெழுந்தாருக்கு வந்தபோதும் கூவியது, நித்திய சீவியத்துக்கு வந்தபோது மூடி சட்டியிலிருந்து கழன்று தரையில் உருண்டது. ஒருத்தருடைய வாய்க்காகக் கூவியதா, எல்லாருடைய வாய்க்காகவும் கூவியதா என்று சேவல் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அது தன்னைத்தான் என்று நினைத்துக்கொண்டு, அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல், செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசலில் முட்டி மோதிக்கொண்டு வெளியே போனார்கள். மந்திரம் சொல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கஸ்பார் மட்டும், “ஏட்டி, காப்பி போட்டியே, யாரும் குடிக்கலியே,” என்றார்.

அதன்பிறகு அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. அன்பியம் மற்ற வீடுகளில் நடந்தது. அனுபவம் சொல்லும் நேரத்தில் எல்லாரும் முன்பைப் போலவே தரையைப் பார்த்தார்கள், இப்போது சொல்வதற்கும் ஆள் இல்லை, அந்த நேரத்தை அப்படியே எடுத்துவிட்டார்கள். பூசைக்குப் போகிறவர்கள் அவள் தெருவைச் சுற்றிக்கொண்டு கடற்கரை வழியாகப் போனார்கள், மணலில் கால் புதைந்தாலும் பரவாயில்லை என்று. ஒருவரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குப் பதில் சொல்லவாவது தெரிந்திருக்கும்.

வீட்டுக்குள் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

“எனக்குக் குடல் புண்ணு இல்லங்கது ஊருக்கெல்லாம் தெரியுமா?” என்று கஸ்பார் ஒரு காலையில் கேட்டார்.

“தெரியும்.” அடுப்படி பேசாமல் இருந்தது.

“வைகாசியிலேருந்தா?”

“ம்.”

“ஐஸ் கம்பெனிப் பயலுவளுக்கும்?”

“தெரியும்.”

“அதான் சீட்டுல என்னைய ஜெயிக்க விட்டானுவ, எச்சிக்கலப் பயலுவ,” என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலில் படுத்துக்கொண்டு அவளைக் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். அவளும் சொல்வதை விட்டாள். ஷெர்லின் வாரத்துக்கு இரண்டு தரம் வீடியோவில் கூப்பிட்டாள், “அப்பா எப்படி இருக்காக?” என்றால், “கட்டில்ல இருக்காக,” என்றாள் எமரென்சியா. “சாப்பிட்டாகளா?” என்றால், “மூணு கரண்டி,” என்றாள். “ஏம்மா இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி பேசுத? ஆறுதலா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?” என்று மகள் அழுதபோது, எமரென்சியா போனை அடுப்படிப் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு வைத்துவிட்டாள். மிச்சமிருந்த பேச்சு சொற்பம். மணி நாலு. வெயில் கட்டிலுக்கு வந்துட்டு. தலையணைய மாத்தணும். காக்கா மீன்முள்ளைத் தூக்கிட்டுப் போகுது. காக்கா போகிறதைச் சொன்னவுடன் வழக்கமாக எலியாஸ் தீர்க்கதரிசிக்கு அப்பம் கொண்டுவந்த காகம் அவள் வாயில் வந்து நிற்கும், நின்றது, அதை விழுங்கினாள். காக்கா வெறும் காக்காவாக முருங்கையில் உட்கார்ந்து முள்ளைக் கொத்தியது. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு காக்காவைப் பார்த்தாள், அதில் பார்க்க ஒன்றுமில்லை.

மார்கழி இரண்டாம் வாரத்தில் அவருக்கு வயிறு வீங்கிக் கண் மஞ்சளாகிவிட்டது. அவள் குளிக்கிற அறைக்குள் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு, சுவரில் நெற்றியை வைத்து, கான்வென்ட்டில் கற்ற இங்கிலீஷிலும் வீட்டில் கற்ற தமிழிலும் மாற்றி மாற்றி, “நீர் குணமாக்குவீர், எனக்குத் தெரியும்,” என்றாள். தண்ணீர்ச் சத்தத்தையும் தாண்டிக் கூவல் வந்தது. “நீர் குணமாக்காவிட்டாலும் உம்முடைய சித்தம் நல்லது,” என்றாள். அதற்கும் வந்தது. “நீர் இருக்கிறீர்,” என்று ஆரம்பித்தவள், மிச்சத்தைச் சொல்லாமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்த ஒன்றை மட்டும் சேவலிடம் விட அவளுக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்து கரண்டியை எடுத்தாள். சட்டியை உடைத்துவிடுவதாக ஓங்கினாள். குழம்பு அசையாமல் கிடந்தது, எண்ணெய் மேலே பொன்போல மிதந்தது, ஒரு தொடை, ஒரு கழுத்து, இரண்டு ஈரல் துண்டு. ஈரலைப் பார்த்துக்கொண்டே நின்றவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் கஸ்பார் பேசவில்லை. நினைவு இருந்தது. கண் திறந்திருந்தது. அவள் ஈரத்துணியால் உதட்டை நனைத்தால் நாக்கை நீட்டினார். மூன்றாம் நாள் மத்தியானம், அவர் கை போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது, விட்டது, மறுபடி பிடித்தது. பாறை மாதிரி ஐஸ்கட்டி தூக்கிய கை. அவள் அந்தக் கையைப் பிடித்தாள், அது அவள் விரல்களையும் அப்படியே பிடித்து இழுத்தது, எந்தப் பயத்தில் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவள் அவருக்குச் சொல்லாத ஆறுதல் கிடையாது, இப்போது சொல்ல ஒன்றுகூட மிச்சமில்லை, சொன்னால் அது கூவும், கூவினால் அவருக்கு இன்னும் பயமாகும். ஆகவே அவள் சொல்லவில்லை. அவள் பொறுமையில்லாதவள், கேட்டாள்.

“ஏங்க. நான் சொன்னா எடுபடாது. நீங்க சொல்லுங்க. பயமா இல்லைன்னு சொல்லுங்க.”

மின்விசிறி சுற்றியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொய்யா இருந்தாலும் பரவால்லங்க. அது கூவுனா கூவிட்டுப் போகுது, நான் காத அடைச்சிக்கிடுதேன். ஒரே ஒரு தடவை. பயமா இல்லட்டின்னு சொல்லுங்க.”